செவலைக்கு நிறுத்திய தண்ணீர்

நம் ஏழாம் வகுப்புப் பெண்களே, பேரன் பேத்தி எடுத்தவர்களே, போன வாரம் நம் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாயின் சிறுநீர்ப்பையை இயற்கை முறையில் காப்பது எப்படி என்று. அனுப்பியவள் சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் நம் கிளாஸ் லீடர். பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கூடவே ஏதோ சீமைப் பழத்தின் பொடி. கீழே நீங்கள் ஆளுக்கொரு பக்குவம் சொன்னீர்கள். ஒருத்தி நெருஞ்சிமுள் என்றாள். ஒருத்தி கும்பிடும் கையைப் போட்டாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நாயை ஒரு நாளைக்கு எத்தனை முறை வெளியே கூட்டிப் போகிறீர்கள்?

காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மகன் வேலையிலிருந்து வந்த பிறகு ஒரு முறை என்று பதில் வந்தது. நடுவில் சோபாவிலேயே போய்விடுகிறதாம். அதனால் பகலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிடுகிறார்களாம்.

திருப்பதியில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்குக் கோபமே வந்திருக்காது. குழுவில் நாலு வரி எழுதி அழித்தேன். நாலு வரியில் அடங்குகிற விஷயமில்லை. அதனால் இதை நீளமாக எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் குழுவை விட்டுப் போகலாம்.

நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆந்திராவில் விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருடம்தான் நைனா, என் அப்பா, ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டி முடித்தார். சிவப்பு சிமெண்டுத் தரை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரில் வேறு யார் வீட்டிலும் அப்படித் தரை கிடையாது. வருகிறவர்களைச் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வார்.

செவலை எங்கள் வீட்டு நாய். பெட்டை. நிறத்தையே பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதுவரை அதைக் கட்டிப் போட்டதே இல்லை. கழனிக்குப் போகும், ஏரிக்குப் போகும், நான் பள்ளிக்கூடம் போகும்போது பாதி வழிவரை வந்து திரும்பும். புதுமனை புகுந்த மூன்றாம் நாள், வெளியே ஆள் நடமாட்டமாக இருந்ததால் பயந்துபோய்க் கூடத்து மூலையில் நீர் விட்டுவிட்டது. அவ்வளவுதான். நைனா புத்தூர் சந்தையிலிருந்து இரும்புச் சங்கிலி வாங்கிவந்தார். வீட்டுக்குப் பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி முளை அடித்துக் கட்டினார். அங்கே காலை பத்து மணி வரைக்கும்தான் நிழல்.

நாய் தான் படுக்கிற இடத்தில் நீர் விடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் அவிழ்த்துவிடுகிற நேரத்துக்காக அது பகல் முழுக்க அடக்கிக்கொண்டு கிடக்கும். அவிழ்த்ததும் நாலு தப்படிகூடப் போக முடியாது, உடனே குந்திவிடும். அந்த நாலு தப்படியில் இருந்தது வேர்க்கடலை காயப்போட்ட களம்.

"தண்ணி வெக்கறதாலதான பேயுது? பகல்ல அதுக்குத் தண்ணி வெக்காதீங்க," என்றார் நைனா.

அம்மா சரி என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்பாள். நாய்க்குத் தண்ணீர் வைக்கிற உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தது யார் தெரியுமா? நான்தான். அன்று பங்குனி வெயில். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாசி அரை மணி நேரத்தில் காய்ந்து சுருண்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏழெட்டு நாளில் செவலை மாறிப்போனது. குந்தும், முக்கும், இரண்டு சொட்டு விழும். எழுந்து ஓரடி போய்த் திரும்பக் குந்தும். அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வெள்ளை மண்ணில் விழுந்த சொட்டு வெற்றிலை எச்சில் நிறத்தில் இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் அது ஏதோ வினோதம் என்பதைப்போலப் பார்த்தார்கள். எனக்கு வினோதமாக இல்லை. அந்த முகத்தை நான் அறிவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் எங்கேயோ வெறித்து, சொட்டு சொட்டாக எரிந்துகொண்டு வருகிற அந்த நேரத்து முகம். என் முகம் அது. உங்கள் முகமும் அதுதான். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நம் பள்ளிக்கூடம் நினைவிருக்கிறதல்லவா? மூன்று அறை, ஒரு நீள வராண்டா. ஆண்பிள்ளைகளுக்குப் புளியமரத்துக்குப் பின்னால் முழு உலகமும் இருந்தது. நமக்கு? ஒரு பக்கம் தார் ரோடு, ஒரு பக்கம் டீக்கடை, பின்னால் பையன்கள் பந்தாடுகிற காலி நிலம். ஒன்பதரைக்கு உள்ளே போனால் நாலரைக்கு மணி அடிக்கும். பானையில் தண்ணீர் இருந்தது. நம்மில் யாராவது அதில் வாய் வைத்தோமா? வகுப்பில் தலை சுற்றுகிறது என்று நீங்கள் பெஞ்சில் சாய்ந்த நாட்களில், சார் தெலுங்கில் "பொழுதன்னிக்கும் தூக்கம்" என்று திட்டினாரே, அது தூக்கமா?

காலையில் அம்மா எனக்கு அரை டம்ளர் தண்ணீர்தான் தருவாள். அலுமினிய டம்ளர், அதில் பாதிக்கு ஒரு நசுங்கல் இருக்கும். அந்த நசுங்கல்தான் அளவு.

"கூழு வாணாம் பாப்பா. களி கெட்டியா துன்னுட்டுப் போ. அங்க போய் எங்க ஒதுங்குவ?"

எரிகிறது என்று ஒரு முறை சொன்னேன். "சூடு" என்றாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தாள். அதுவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு.

செவலைக்கு வைத்தியம் பார்க்க எதிர்வீட்டுப் பெரியப்பா வந்தார். நைனாவுக்கு அண்ணன். மாடு கன்றுக்குக் கைவைத்தியம் செய்கிறவர் என்று பேர். நெருஞ்சிமுள்ளைக் கொண்டுவந்து இடித்துக் கஷாயம் வைத்தார். மறுநாள் வாழைத்தண்டு பிழிந்தார். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை அதன் வாயில் வைத்து, நைனா காதைப் பிடித்துக்கொள்ள, ஊற்றினார். பாதி மூக்கில் ஏறியது. இருமி இருமி அதன் கண் சிவந்துபோனது. எல்லாம் இயற்கை மருந்து. எல்லாம் நல்லதுதான். ஆனால் கவிழ்த்த சட்டி கவிழ்த்தபடியே இருந்தது. சங்கிலியும் வெயிலும் அப்படியே இருந்தன. அரைப்படி கஷாயம் போகலாம், ஒரு சொம்பு தண்ணீர் போகக்கூடாது. இந்தக் கணக்கு எந்தத் தலையில் உதிக்கும் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

நாலாம் நாள் செவலை பெரியப்பாவின் கையைக் கடித்துவிட்டது. கட்டைவிரல் அடியில் நன்றாகப் பல் இறங்கியது.

"டேய் தம்பி, இதுக்கு வெறி புடிச்சிக்கிச்சிடா," என்று பெரியப்பா கத்தினார். "ரெண்டு நாளா பாத்துக்கினுதான் கீறேன். வாயில நொரை. தண்ணியே குடிக்கல பாரு. வெறி புடிச்ச நாய்தான் தண்ணியக் கண்டா பயப்படும்."

தண்ணீர் குடிக்கவில்லையாம். நைனா கழனி வேலைக்கு வந்திருந்த இருவரைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு தடி எடுத்தார்கள். ஒருவர் கடப்பாரையையே எடுத்துவந்தார். வீட்டுப் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

நான் உள்ளே போனேன். தொட்டியிலிருந்து வாளி நிறைய மொண்டேன். கொல்லைக் கதவு வழியாக வந்து, வாளியைத் தரையில் வைத்துக் கடலை வாருகிற நீளப் பலகையால் அதைத் தள்ளினேன். நைனா "ஏய்!" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாதித் தண்ணீர் தளும்பிப் போனது. மீதி சங்கிலி எட்டுகிற தூரத்துக்குப் போய்விட்டது.

செவலை குடித்தது. தலையை வாளிக்குள் விட்டு, நாக்கு தகரத்தில் அடிக்கிற சத்தத்தோடு குடித்தது. மூச்சு விட நிமிர்ந்து, பயந்தபடி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குடித்தது. வாளியடியில் இருந்தது தீர்ந்த பிறகு சிந்தின சேற்றை நக்கியது. தடி வைத்திருந்த நாலு ஆண்களும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

பேசியது கம்பவுண்டர். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர், தெலுங்குக்காரர். கன்று போட்ட எங்கள் பசுவைப் பார்க்க வந்து கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்தார்.

"ஏமய்யா, நீளு, தண்ணி, எப்ப குடுத்தீங்க இதுக்கு?"

நைனா பெரியப்பாவைப் பார்த்தார். "பகல்ல வெக்கறதில்ல சார்," என்றேன் நான். "வெச்சா மூத்திரம் பேயுதுன்னு."

"ஒரே எடத்துல கட்டியா?"

"ஆமா சார். சாயங்காலம்தான் அவுக்கறது."

அவர் குந்தி உட்கார்ந்து, எட்ட இருந்தே அதைப் பார்த்தார். செவலை குடித்த சற்று நேரத்துக்கெல்லாம் குந்தி முக்கியது. சிவப்பாகச் சொட்டியது.

"வெறி மாதிரி தெரியல. ஆனாலும் கடிச்சிட்டுது. பெத்தாயனா, பெரியவரே, நீங்க போயி ஊசி போட்டுக்கோங்க, சோப்புப் போட்டு இப்பவே கையைக் கழுவுங்க. நாயப் பத்து நாளு உயிரோட வெச்சுப் பாக்கணும். அடிக்கக் கூடாது." பிறகு நைனாவிடம் திரும்பினார். "நாய் படுக்கற எடத்துல பெய்யாதய்யா. அடக்கும். தண்ணியும் இல்ல, அடக்கவும் அடக்குது, உள்ள புண்ணாகாம இன்னா ஆகும்? நான் ஊசி போடறேன், மாத்திரை தர்றேன். உங்க நெருஞ்சி, வாழத்தண்டு ஒண்ணும் தப்பில்ல. ஆனா ரத்தம் வந்த பெறவு அது மட்டும் போதாது. தண்ணி எப்பவும் இருக்கணும். நெழல்ல கட்டு. கஞ்சியத் தண்ணியா ஊத்து. நாலு வாட்டி வெளிய கூட்டிட்டுப் போ. நாலு வாட்டி, மறக்காத."

நான் அந்தப் பலகையைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். நாயைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னதாகவே கேட்டது. வார்த்தை தானாக வந்துவிட்டது. "மனுசங்களுக்கும் அப்டித்தானா சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லா ஒடம்புக்கும் அதேதான் பாப்பா," என்றார்.

"உள்ள போ," என்றார் நைனா.

பெரியப்பா தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஊசிக்கும் எங்கள் வாசலில் வந்து நின்று முனகுவார். செவலை புங்கமரத்தடிக்கு மாறியது. சங்கிலிக்குப் பதில் நீளமான தாம்புக் கயிறு. பக்கத்தில் பெரிய சட்டி. மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்து, ஒரு கழியின் நுனியில் உருட்டி விடுவோம். நைனா விடியலில் ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை, இருட்டும் நேரம் ஒரு முறை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். திரும்பி வந்து பெரியப்பாவிடம் விவரம் சொல்வார். "இப்ப செவப்பு இல்லண்ணா. மஞ்சளா போவுது. கரையேறறதுக்குள்ள மூணு எடத்துல பேய்ஞ்சுது." பெரியப்பா அக்கறையாகத் தலையாட்டுவார். பத்து நாளில் செவலை எழுந்து காக்கை துரத்தியது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் அந்தப் பத்து நாளும் காலையில் அதே நசுங்கின டம்ளர், அதே பாதி. பதினோராம் நாள் அம்மா டம்ளரை நீட்டுகிறாள், நைனா செவலையோடு கரையிலிருந்து திரும்புகிறார், வாசலில் பெரியப்பா. நான் டம்ளரை அந்தச் சிவப்புத் தரையில் எறிந்தேன்.

"நாய்க்கு நாலு வாட்டி. எனக்கு எத்தினி வாட்டி நைனா?"

அடி கன்னத்தில் விழுந்ததா காதில் விழுந்ததா தெரியவில்லை. "பொட்டப் புள்ள பேசற பேச்சாடி இது?" என்றார் நைனா. "படிக்க அனுப்பினா இப்டித்தான் வாய் வரும்," என்றார் பெரியப்பா. அம்மா குனிந்து, சிந்தின தண்ணீரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தரை பாழாகிவிடுமே. அன்று நைனாவைவிட அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம். ஒரு சொல், எனக்காக ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அந்தத் திட்டை நினைத்தால் இன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அவள் நிலைமை என்ன என்பது மூன்றாம் நாளே தெரிந்தது. மேட்டுக் கழனியில் கடலை பிடுங்கி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். ஈர மண்ணும் பச்சைக் கடலையும் கலந்த வாசனை. உச்சி வெயிலில் அம்மாவுக்குப் பல் கிட்டும்படிக் குளிர் எடுத்தது. கோணியை இழுத்துப் போர்த்திக்கொண்டவள் கடலைக் குவியல் மேல் அப்படியே சாய்ந்தாள். இடுப்பைத் தொட்டால் அலறினாள்.

பஸ்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். நைனா, நான், நடுவில் அம்மா. புத்தூரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ஆண்கள் இறங்கிப்போய் ஒரு நீளச் சுவர் பக்கம் வரிசையாக நின்றார்கள். நைனாவும் இறங்கினார். அம்மா ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவள் விரல் கணுக்கள் வெளுத்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அரை டம்ளர் அளந்தவள் தனக்கு அதுகூட அளக்கவில்லை. விடியுமுன் ஒரு முறை, இருட்டின பிறகு ஒரு முறை. நடுவில் கழனி, அடுப்பு, மாடு, புது வீடு. எத்தனை வருடமாக?

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார்கள். "எத்தனை நாளா எரிச்சல்?"

"இவ பொறந்ததுல இருந்து இருக்கும்மா," என்று அம்மா என்னைக் காட்டினாள்.

"எங்கிட்ட சொல்லவேயில்லீங்க," என்றார் நைனா.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சீட்டில் மளமளவென்று எழுதினார்கள். நாய்க்குக் கம்பவுண்டர் சொன்னதையே, கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னார்கள். "ஊசி போடறோம். ஆனா நிறையத் தண்ணி குடிக்கணும்மா. அடக்கவே கூடாது. இனிமே ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை போயிடணும்."

அம்மா சிரித்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, சிரித்ததில் அதில் ரத்தம் வந்தது. வாழ்க்கையில் அவள் சரி என்று சொல்லாத நாளை அன்றுதான் பார்த்தேன்.

"எவ்ளோ சொன்னாலும் குடிக்கிறேன்மா. எங்க போறதுன்னு அதையும் அந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க. எங்க வூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியும்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவர்கள் எழுதினார்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. நைனா அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வந்த மறுநாள் கொல்லையில் கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அங்கேயே அடுக்கிக் கிடந்தது. சிமெண்டும் அரை மூட்டை இருந்தது. கக்கூஸுக்குக் குழி தோண்ட இரண்டு நாள். சுவர் எழுப்பிக் கதவு மாட்ட ஒரு நாள். அம்மாவின் ஒரு சிறுநீரகம் அதற்குள் சுருங்கிப்போயிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலோ நாம் படித்து முடிக்கும்வரை ஒன்றும் வரவில்லை, அது உங்களுக்கே தெரியும்.

நைனா செத்தபோது நான் அழுதேன். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். ஆனால் அந்த ஒரு கணக்கில் அவரை நான் விடவில்லை. குழிக்கு இரண்டு நாள், சுவருக்கு ஒரு நாள். மொத்தம் மூன்று நாள் வேலை, தோழிகளே. மூன்றே நாள்.